போடாத சுவிட்ச்

இந்நேரம் குழாயடியைத் தாண்டியிருப்பாள் குணவதி. தெய்வானை அடுப்படியில் சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை உரிக்கிறது, மனசு ரோட்டில் போகிறது. வீட்டு கேட்டிலிருந்து குழாயடி வரைக்கும் சமதரை, அதில் ஒரு பயமும் கிடையாது, மோட்டார் இல்லாத பழைய சக்கரம் இருந்தபோதே அந்தத் தூரத்தைக் குணவதி தன் கையாலேயே உருட்டிக்கொண்டு போய்விடுவாள். குழாயடிக்கு அப்புறம்தான் மலைரோடு தன் குணத்தைக் காட்டும். மாதா சிலை வைத்த கெபி வரைக்கும் ஒரு ஏற்றம், கெபியிலிருந்து கேரட் கழுவுகிற ஷெட் வரைக்கும் அதைவிடச் செங்குத்தாக இன்னொன்று, ஷெட்டுக்கு மேலே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வளைவு, வளைவு முடிந்தால் மேல்பஜார். அங்கே தாலுகா ஆபீசுக்கு எதிரே குணவதியின் ஜெராக்ஸ் கடை. இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போன நாத்தனாரைச் சக்கர நாற்காலியில் வைத்து, இருபத்திரண்டு வருசமாகக் காலையில் அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனவளும் சாயங்காலம் பிடித்துப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தவளும் தெய்வானைதான். எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் சக்கரத்தை இடது பக்கம் ஒதுக்க வேண்டும், எல்லாம் அவள் பாதத்துக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இன்றைக்குக் கண்ணை மூடத்தான் பயமாக இருந்தது. மூடினால் கெபிக்கு மேலே, ஏற்றத்தின் பாதியில், நாற்காலி அப்படியே நிற்கிறது. அதில் குணவதி உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ராத்திரி தெய்வானை அந்த நாற்காலிக்குச் சார்ஜ் போடவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டால் என்ன. அறுபத்திரண்டு வயசாகிறது, மறக்கக் கூடாதா? போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கவில்லையா? ஆனால் மறக்கிறவள் வயரை எடுத்துச் சக்கரத்தில் சொருகியிருக்க மாட்டாளே. வயரைச் சொருகினாள், மறுமுனையைச் சுவர் பிளக்கிலும் சொருகினாள், சுவிட்சுக்கு விரலைக் கொண்டுபோனாள். அங்கேதான் விரல் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை, கட்டிலில் குணவதி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டிருந்தாள். விரல் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதற்கு என்ன பெயர் வைக்கிறது? கெடுதல் நினைத்தேனா? இல்லை. கெடுதல் நினைக்கவில்லை. வண்டி நிற்கும், அவள் போன் பண்ணுவாள், அண்ணி கொஞ்சம் வாங்க என்பாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு போவேன், இதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. இதற்குமேல் நினைக்க வேண்டியது நிறைய இருந்தது என்பது காலையில் கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வெங்காயம் கண்ணைக் கரித்தது. முந்தானையால் துடைத்தாள். அந்த கேட் சத்தம் கேட்டபோதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், நில்லு குணா, சார்ஜ் இல்லை என்று. என்னவென்று சொல்வது? போடவில்லை என்றால், ஏன் போடவில்லை என்று கேட்பாளே.

அந்தச் சக்கரம் வந்து ரெண்டு மாசம் ஆகிறது. கோயமுத்தூரிலிருந்து ஏதோ தொண்டு நிறுவனத்தார் கொடுத்தார்கள். நாற்காலி பழையதுதான், சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டினார்கள். நடுவயிறு பெருத்த சக்கரம், வயிற்றுக்குள்ளே மோட்டார் இருக்கிறதாம். மாட்ட வந்தவர் ஒல்லியாக, குளிருக்குக் காதில் துண்டு கட்டிக்கொண்டு, நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். சக்கரத்தோடு ஒட்டியிருக்கிற வளையத்தை உள்ளங்கையால் லேசாகத் தள்ளினால் போதும், தள்ளுகிற கையின் பலத்தை அது தெரிந்துகொண்டு, மீதிப் பலத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், ஏற்றமானாலும் சமதரை மாதிரி ஏறும், இறக்கத்தில் வளையத்தை இறுக்கிப் பிடித்தால் தானே மெதுவாகும் என்றார். சார்ஜ் தீர்ந்துபோனால் மட்டும் கவனம், மோட்டார் கனம் சேர்ந்துகொள்வதால் பழைய சக்கரத்தைவிடப் பாரமாக இழுக்கும் என்றார். குணவதியின் தோளைப் பற்றிக் கேட்டார். அந்த மூட்டு தேய்ந்துபோய், ஜாக்கெட்டில் கை நுழைக்கவே அவள் பல்லைக் கடிப்பாள். இனிமேல் உங்க தோளும் பிழைச்சுது, உங்க அண்ணி இடுப்பும் பிழைச்சுது என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோமே. நானும் சிரித்தேன். அன்றைக்குக் குணவதி கேட் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். ஐம்பத்தொரு வயசுப் பொம்பளை, ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. டீ ஆறிப்போகிறது என்று கூப்பிட்டால்கூடக் காதில் விழவில்லை. நல்லதுதான். யார் இல்லை என்றார்கள்? எனக்கும் நல்லதுதான். ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்க்காமல் தூங்குகிறேன். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது. உள்ளங்கையில் கைப்பிடி போட்ட காய்ப்பு இருந்ததே, வெள்ளையாக, ரெண்டு கையிலும், அதுகூட உரிந்து உரிந்து மெத்தென்று ஆகிவிட்டது. யாருடைய கையோ மாதிரி இருக்கிறது.

முதல் வாரம் கூடவே நடந்து போனாள். கையை எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தாள், பையைப் பிடித்தாள், கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டு மேஸ்திரி மாதிரி நடந்தாள். மூன்றாம் நாள் கெபிக்குக் கீழே, பழக்கம் பாருங்கள், கைப்பிடியைப் பிடித்து எப்போதும்போல ஒரு உந்து உந்திவிட்டாள். குணவதியும் அதே நேரத்தில் வளையத்தைத் தள்ளியிருக்கிறாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி, கெபியின் படிக்கட்டில் மோதப் பார்த்தது. குணவதி இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையை எடுங்க அண்ணி என்றாள். அவ்வளவுதான், மிளகு தூக்கலா இருக்கு என்று ரசத்தைச் சொல்லுகிற மாதிரி. அந்த வார்த்தை எங்கேயோ போய்ச் செருகிக்கொண்டது. சாமி கும்பிடும்போது வருகிறது, பாத்திரம் கழுவும்போது வருகிறது. கையை எடுங்க அண்ணி. மறுநாள் அவளே, நீங்க எதுக்கு வீணா ஏறி இறங்கறீங்க, வீட்டுல இருங்களேன் என்று சொன்னாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அக்கறைக்கு எப்படிப் பதில் சொல்வது? அன்றையிலிருந்து கேட் சாத்துகிற சத்தம் காலை ஒன்பது மணிக்கு, திறக்கிற சத்தம் சாயங்காலம் ஐந்தரைக்கு. நடுவிலே இருக்கிற பகல் எவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னால் தெய்வானைக்குத் தெரியாது. முன்பெல்லாம் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓடிவந்து, சோறாக்கி, துணி துவைத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடி ஏறவேண்டிய நேரம் வந்துவிடும். இப்போது சோறு ஆகிவிடுகிறது, துணி காய்ந்துவிடுகிறது, கடிகாரம் மட்டும் காய மாட்டேன் என்கிறது. மிச்சம் இருந்தது ராத்திரி அந்த வயரைச் சொருகுகிற வேலை ஒன்று. தினமும் போடணும்போல, செல்போன் மாதிரிதானே என்று அவளே முடிவுபண்ணி, அவளே எடுத்துக்கொண்ட வேலை. சின்னப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஆரம்பத்தில் அவளைத் தள்ளவே பிடிக்கவில்லையே, அதை இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. புருசன் செல்வநாயகம் தேயிலை பேக்டரியில் பிட்டர். தங்கச்சிக்கென்று அலைந்து திரிந்து, ஊனமுற்றோர் கோட்டாவில் போன் பூத் வாங்கிக் கொடுத்தார், அதுதான் பிற்பாடு ஜெராக்ஸ் கடை ஆனது. வாங்கிக் கொடுத்தவர் ஷிப்டுக்குப் போய்விடுவார், தள்ளுகிறது யார்? நாற்பது வயசில் தெய்வானை தள்ளினாள். தனக்கென்று ஒரு பிள்ளை தங்காத ஆத்திரம் வேறு. இவளைத் தள்ளவா என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் மனசுக்குள் வைவாள். ஒருநாள், ஷெட்டுக்குக் கீழே, செங்குத்தில், இப்போது கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. விடவில்லை. நினைப்புதான். அப்படிப்பட்ட நினைப்பு வந்தவள்தானே நீ, நேற்று வந்தது புதுசா என்ன, என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. தெய்வானை வெங்காயத்தை முறத்தில் போட்டாள். இல்லை. அதுவும் இதுவும் ஒன்றில்லை. அன்றைக்கு விட நினைத்தேன். நேற்று பிடிக்க நினைத்தேன். ரெண்டுக்கும் நடுவிலே இருபத்திரண்டு வருசம் இருக்கிறது. வீட்டுக்குள்ளே ரெண்டு பேரும் பேசிக்கொண்டது குறைச்சல். உப்பு இருக்கா, விளக்கை அணைக்கவா, அவ்வளவுதான். பேச்செல்லாம் அந்த ஏற்றத்தில்தான். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், தாசில்தார் மாறிவிட்டாராமே, பக்கத்து லைன் வீட்டில் கரடி புகுந்து எண்ணெய் டப்பாவைத் தூக்கிப் போனதாமே, பேசப் பேச ஏற்றம் தேயும். ஒன்பது வருசத்துக்கு முன்னால் செல்வநாயகம் நெஞ்சுவலியில் போனபோது, பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் கடை திறக்கப் போனார்கள். கெபியிலிருந்து ஷெட் வரைக்கும் ரெண்டு பேரும் அழுதுகொண்டேதான் ஏறினார்கள். எதிரே வந்தவர்கள் கேட்டால், மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஏற்றத்துக்கு அந்த ஒரு வசதி உண்டு.

இப்போது எங்கே இருப்பாள்? கெபி. சார்ஜ் இருந்தால் கெபி. இல்லாவிட்டால்? சமதரையில் பாரம் தெரியாமல் போயிருப்பாள், ஏற்றம் ஆரம்பித்ததும் வளையம் இறுகும், தோளைக் கொடுத்துத் தள்ளியிருப்பாள், விட்டுக்கொடுக்கிற ஆளா அவள், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியிருப்பாள், அந்தத் தேய்ந்த மூட்டு... தெய்வானைக்குத் தன் தோளில் சுரீர் என்றது. ஷெட்டுக்குப் பக்கத்தில் கேரட் கழுவின தண்ணீர் ரோட்டில் ஓடும், சேறும் தழையுமாகக் கிடக்கும், அங்கே நின்று பின்னால் வழுக்கினால்? லாரிக்காரன் வளைவில் ஹாரன் அடிக்காமல் இறங்கினால்? வளைவில் காட்டுமாடு நிற்கும். காலையில் பனி விலகுகிற நேரம்தான் நிற்கும், தேயிலைக்குள்ளிருந்து ஏறிவந்து, கறுப்புப் பாறை மாதிரி. முன்பெல்லாம் அதைக் கண்டால் தெய்வானை வண்டியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்து, சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, முன்னால் போய் நின்றுகொள்வாள். நீங்க முன்னால நின்னா மட்டும் அது முட்டாதா அண்ணி என்று குணவதி கேலி பண்ணுவாள். இப்போது முன்னால் யார் நிற்கிறார்கள்? போனை எடுத்துப் போட்டாள். அடித்தது, அடித்தது, நின்றுவிட்டது. ரோட்டில் அவள் எடுக்க மாட்டாள், ரெண்டு கையும் வளையத்தில் இருக்கும். இல்லை, கடைக்குப் போய்ச் சேர்ந்து ஷட்டரைத் தூக்க யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். இல்லை, போன் கீழே விழுந்து கிடக்கும். மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது. வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

குழாயடி வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள். ஏற்றம் ஆரம்பித்ததும் என்னவோ ஆகிவிட்டது. முட்டி சொன்னபடி கேட்கவில்லை, உடம்பு முன்னால் சாய்கிறது, சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இதே ஏற்றம்தானே, இதில் ஒரு ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு ஏறினவள்தானே, வெறும் ஆளாக ஏறுவதற்கு என்ன கேடு? நாலு எட்டு வைத்தாள், நின்றாள். நாலு எட்டு வைத்தாள், நின்றாள். அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருசமாக அவள் தள்ள மட்டும் செய்யவில்லை. அந்தக் கைப்பிடியில்தான் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். முட்டி எப்போதோ போய்விட்டிருக்கிறது, வண்டி அதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது. யார் யாரை ஏற்றிவிட்டார்கள் என்று இப்போது கேட்டால் யார் சொல்வார்கள்? கெபியில் குணவதி இல்லை. மாதா முன்னால் ரெண்டு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஒரு கும்பிடு போட்டாள். போட்டுவிட்டு, எதற்கு என்று கேட்டால் சொல்ல வராது என்று தோன்றவே வேகமாக மேலே நடந்தாள். ஷெட்டில் கேரட் கழுவிக்கொண்டிருந்த பிலோமினா இவளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா, வண்டியில்லாம தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

தெய்வானை குனிந்து பார்த்தாள். ரெண்டு கையும் இடுப்புக்கு நேரே முன்னால் நீண்டு, விரல் மடங்கி, காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. சட்டென்று கீழே போட்டாள். பிலோமினாவிடம் குணவதி இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டாள். போனாங்களே, சர்ருனு போனாங்க, கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கலை என்றாள் அவள். சரி. ஷெட்டைத் தாண்டியிருக்கிறாள். இன்னும் வளைவு இருக்கிறதே. ஷெட்டுக்கு மேலே யார் கண்ணும் படாது. வளைவில் காட்டுமாட்டுச் சாணி, ஆவி பறக்கிற மாதிரி புதுசாக, ரோட்டின் நடுவில் கிடந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வளைவைச் சுற்றினாள். வண்டி கவிழ்ந்து கிடக்கவில்லை. செருப்பு, பை, ஒன்றும் கிடக்கவில்லை. தேயிலை, பனி, வெறும் ரோடு. அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது. இறங்கின கையோடு அதன் அடியில் இன்னொன்று தட்டுப்பட்டது, அரிசி களையும்போது கையில் நெருடுகிற கல் மாதிரி. வண்டி நிற்கவில்லையே. நின்றிருக்கலாமே. ரெண்டு நிமிசமாவது நின்று, யாராவது வர மாட்டார்களா என்று கீழே திரும்பிப் பார்த்திருக்கலாமே. சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். சொல்லியும் அது போகவில்லை. அதையும் சுமந்துகொண்டுதான் மேல்பஜாருக்குள் ஏறினாள்.

திங்கட்கிழமை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனுக் கொடுக்க வந்த கூட்டம். குணவதியின் கடை முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் தோளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் குணவதி, மூக்கில் கண்ணாடி, ஒரு பெரியவருக்கு வருமானச் சான்றிதழ் மனுவை எழுதிக்கொண்டே, பேர்ல இனிஷியல் முன்னாலயா பின்னாலயா ஐயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெய்வானை வாசலோடு திரும்பிப் போயிருப்பாள். முட்டிதான் விடவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். குணவதி நிமிர்ந்தாள். வாடிக்கையாளர் உட்காருகிற ஒற்றை முக்காலியைக் கண்ணால் காட்டினாள். தெய்வானை உட்கார்ந்தாள். யோசித்துப் பார்த்தால், இந்தக் கடைக்குள் அவள் உட்கார்ந்ததே இல்லை. வாசலில் விடுவாள், ஓடுவாள். வாசலில் வந்து நிற்பாள், கூட்டிக்கொண்டு போவாள். மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது. கூட்டம் கொஞ்சம் கரைந்தபிறகு, குணவதி பேனாவை மூடிவைத்துவிட்டு, போன்ல ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க, வேலையா இருந்தேன் என்றாள். தெய்வானை, வண்டி நல்லா வந்துச்சா என்று கேட்டாள். வந்துச்சே என்றாள் அவள்.

"சார்ஜ் இருந்துச்சா?"

"சக்கரத்துல மூணு விளக்கு எரிஞ்சுச்சு. ஒரு தடவை ஏத்தினா நாலு நாள் தாங்கும் அண்ணி. தினம் போடணும்னே இல்ல."

தெய்வானைக்கு முதலில் விளங்கவில்லை. அப்படியானால் தினமும் ராத்திரி நான் போட்டது? அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். குணவதி முந்திக்கொண்டாள்.

"நீங்களா ஆசையா போட்டீங்க. சரி போடட்டும்னு விட்டுட்டேன்."

ஜெராக்ஸ் மிசின் சூடாகிற மணம் வந்தது. வெளியே யாரோ ஸ்டாம்ப் பேடு இருக்கா என்று கேட்டார்கள், குணவதி இல்லை என்று கையை ஆட்டினாள். அப்போதாவது தெய்வானை சும்மா இருந்திருக்கலாம். சுவிட்சைக் குணவதி பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஏற்றம் முழுக்கச் சுமந்துகொண்டு வந்ததை எங்கேயாவது இறக்கி வைக்கத்தானே வேண்டும். நேத்து நான் சுவிட்சு போடலை குணா என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. குணவதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். வயரைக் கழட்டும்போதே பார்த்தேன் என்றாள். பார்த்துட்டுமா கிளம்பினே என்று தெய்வானை கேட்டதற்கு, ஆமா, கேட் பக்கத்துல நிறுத்திட்டு ரெண்டு நிமிசம் பார்த்தேன், நீங்க வெளிய வருவீங்க, ஏதாவது சொல்லுவீங்கன்னு, வரலை, அதான் வந்துட்டேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கோபமாகவும் இல்லாமல் கொஞ்சலாகவும் இல்லாமல் கேட்டாள்.

"ஆளு வேணும்னா ஆளு வேணும்னு கேளுங்க அண்ணி. சுவிட்சை எதுக்குப் போடாம விடுறீங்க?"

கேட்பதா? எப்படிக் கேட்பது? வேலை செய்யத் தெரியும், பிடிக்கத் தெரியும், தள்ளத் தெரியும், காட்டுமாட்டுக்கு முன்னால் போய் நிற்கக்கூடத் தெரியும். புருசனிடம்கூட எனக்கு இது வேணும் என்று வாயைத் திறந்து கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களே. கையை எடுங்க என்று சொல்லிவிடுவார்களே. வேலை என்று ஒன்று இருந்தால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பெண் ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்தாள், போனாள். இன்னொருவர் வந்தார், போட்டோ ஒட்டப் பசை கேட்டார், ஒட்டிக்கொண்டு போனார். வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது, நேற்று சுவிட்சு வரைக்கும் போன விரல் மாதிரி திரும்பிப் போய்விடுகிறது. இப்போது இறங்கிப் போனால் உரித்த வெங்காயம் முறத்தில் இருக்கும். அதற்கப்புறம் ஐந்தரை மணி வரைக்கும் வீடு இருக்கும்.

"குணா." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "சாயங்காலம் வரைக்கும் நான் இங்கயே இருக்கட்டுமா?"

குணவதி மிசினுக்குள் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மத்தியானத்துக்குச் சோறு வடிச்சாச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றாள் தெய்வானை. அப்ப ரெண்டு பொட்டலம் வாங்கிக்கலாம் என்றாள் குணவதி. மேசைமேல் மனுத்தாள்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. தெய்வானை சட்டென்று கையை நீட்டி, ஓரத்தைத் தட்டி அடுக்க ஆரம்பித்தாள்.

"அதை விடுங்க அண்ணி. சும்மா உக்காருங்க."

தெய்வானை கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால்தான் ஆகியிருந்தது.